காலில் வலி இல்லை, டீச்சர்

என் முதுகெலும்பு கெட்டதற்கு நீங்கள்தான் காரணம், டீச்சர். வாலிபாலைக் குறை சொல்ல மாட்டேன். மைதானத்துக் கட்டாந்தரையைச் சொல்ல மாட்டேன். என் தலையெழுத்து என்று அம்மா சொல்வதையும் ஏற்க மாட்டேன். நீங்கள்தான்.

நீங்கள் ஊருக்குச் சொல்லும் கதை வேறு. "அவ எங்கிட்ட காலு வலிக்குன்னுதான் சொன்னா. இடுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாக்காம விட்டிருப்பேனா?" இதை எத்தனையோ பேர் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள். சொல்லும்போது என்னைப் பாவமாகவும் பார்ப்பார்கள், திருட்டுப் பூனையைப் பார்ப்பதுபோலவும் பார்ப்பார்கள்.

அடுத்த மாதம் நீங்கள் ரிட்டயர் ஆகிறீர்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம் பிடித்து, ராஜபாளையத்துப் பழைய மாணவிகளும் அந்த ஊர் மாணவிகளும் சேர்ந்து பாராட்டு விழா நடத்துகிறார்களாம். கப்பு வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவள் என்பதால் நானும் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். இரண்டு வார்த்தை எதற்கு? எனக்கு ஒரு வார்த்தை போதும். இடுப்பு.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் நம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் பி.டி. டீச்சராக வந்தீர்கள். வந்த வாரமே வகுப்பு வகுப்பாக நடந்து உயரமான பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினீர்கள். சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரம். "நீ வா" என்றீர்கள். அவ்வளவுதான் தேர்வு.

எனக்கு விளையாட்டு பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒருத்தி பந்தைத் தூக்கிக் கொடுக்க, ஓடி வந்து எழும்பி, வலைக்கு மேலே அதை அடித்து இறக்குவதுதான் என் வேலை. எழும்பும்போது உடம்பைப் பின்னால் வில்லாக வளைக்க வேண்டும். "வளைடி! இன்னும் வளை! கட்டையா வந்து பொறந்திருக்கியே!" என்று கத்துவீர்கள். வளைத்தேன். காலையில் மணியடிக்கும் முன்பு வளைத்தேன். மாலையில் மில் சங்கு ஊதி ஷிப்டு முடிந்து ஆட்கள் சைக்கிளில் போகும்வரை வளைத்தேன். ஓய்வு என்று ஒன்று உண்டு, வளரும் எலும்புக்கு அது வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த காலேஜ் எதுவோ, அது நாசமாய்ப் போகட்டும். அல்லது சொல்லிக் கொடுத்த அன்று நீங்கள் லீவு போட்டிருப்பீர்கள்.

பத்தாம் வகுப்பில் வலி வந்தது. பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நடு எலும்பை ஒட்டி, ஒரு கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடும் இடம். உட்கார்ந்தால் அடங்கும். பின்னால் வளைந்தால் உள்ளே யாரோ ஈரத்துணி முறுக்குவதுபோல இருக்கும். கொஞ்ச நாளில் தொடையின் பின்பக்கச் சதையும் இறுகிவிட்டது. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது. நடையும் குட்டையானது. அணியில் என்னை "ஏ, வாத்து" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மாலை மைதானத்தில் உங்களிடம் வந்து சொன்னேன்.

"டீச்சர், இடுப்பு வலிக்கு."

பின்னால் நின்ற பிள்ளைகள் கெக்கெக்கெ என்று சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள், "எத்தனாவது மாசம்டி?"

இன்னொருத்தி, "ஏ, வண்டி சொல்லணுமா?" என்றாள்.

நம் ஊரில் இடுப்பு வலி என்றால் ஒரே அர்த்தம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவது. இடுப்பு வலி கண்டுவிட்டது என்றால் வெந்நீர் போடுவார்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை கிடையாது. இடுப்பு இருக்கலாம். அதில் வலி இருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைகளை அதட்டுவீர்கள் என்று நின்றேன். நீங்கள் என் தோளில் பட்டென்று ஒன்று வைத்தீர்கள்.

"ஏட்டி, என்ன பேச்சு இது? இடுப்பு வலியாம்ல! பிள்ளை பெறப் போறியா? கேக்கிறவுக என்ன நினைப்பாக? கால் வலின்னு சொல்லு. வீட்டுலயும் அப்படிச் சொல்லு, டாக்டர்ட்டயும் அப்படியே சொல்லு. பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்துராத."

இதுதான் நடந்தது. இதே வார்த்தைகள். சிரித்த பிள்ளைகள் அத்தனை பேரும் இன்று பிள்ளைகுட்டி பெற்று நன்றாக இருக்கிறார்கள். ஒருத்திக்கும் இது ஞாபகம் இல்லையாம். இடுப்பு வலிக்குச் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் மட்டும் போய்விட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். டீச்சர் கால் வலி என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. "டீச்சருக்கு விவரம் இருக்கு. நாளைக்கு மாப்ள வீட்டுல யாராச்சும் ஒன்னுன்னா ஒன்பதா கோத்துவிட்டா என்ன செய்ய?" என்றாள். எனக்கு அப்போது மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. ஆனால் அவர்களுக்கு என் இடுப்பு பற்றித் தெரியக் கூடாது என்பது முடிவாகிவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். பெஞ்சு நிறைய ஆட்கள். எங்கள் முறை வந்ததும் டாக்டர் அம்மாவைப் பார்த்து, "என்ன செய்து?" என்றார்.

"காலு வலிக்குங்கா சார். விளையாடுற பிள்ளை."

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கேள்வி அம்மாவுக்கு, கை என் தொடைக்கு. அமுக்கினார், மடக்கினார், நீட்டினார். "சதை இறுகிக் கெடக்கு. எண்ணெய் போட்டு நல்லா இழுத்து விடுங்க. சரியாப் போகும்" என்று மாத்திரை எழுதினார். கால் வலி என்றால் காலுக்கு மேலே ஒரு சாண்கூடப் பார்க்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துத்தான் டாக்டர் ஆனாரோ என்னவோ.

கூத்து என்னவென்றால், சதை இறுகியிருந்தது உண்மை. முதுகின் அடியில் எலும்பு விண்டு போனால், அது மேலும் அசையாமல் இருக்க உடம்பு தொடைச் சதையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். வேலி சாயாமல் இருக்கக் கயிறு கட்டுவதுபோல. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் டாக்டருக்கும் அது தெரியவே இல்லை. வேலியை விட்டுவிட்டு எல்லோரும் கயிற்றோடு மல்லுக்கட்டினீர்கள்.

உங்கள் வைத்தியம் ஆரம்பித்தது. காலை நீட்டி உட்கார வைத்து, இரண்டு பிள்ளைகளை என் முதுகில் சாய்ந்து அமுக்கச் சொன்னீர்கள். நெற்றி முழங்காலில் இடிக்க வேண்டுமாம். "இறுக்கத்தை இழுத்தாத்தான் விடும்" என்றீர்கள். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. உடனே அடுத்த வைத்தியத்துக்குத் தாவினீர்கள்.

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்தவர்கள் மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. வகுப்பு வகுப்பாகக் கேட்டு அப்படி ஒருத்தியைக் கண்டுபிடித்தீர்கள். செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. நல்ல கனம். சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் ஜமுக்காளத்தை விரித்து என்னைக் குப்புறப் படுக்க வைப்பீர்கள். அவள் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என் இடுப்பில் ஏறி நிற்பாள்.

"வலிச்சாச் சொல்லுட்டி."

"வலிக்குட்டி."

"அது பிடிப்பு விடுற வலி. செத்த நேரம் பொறு."

அவளை நான் குறை சொல்லவில்லை. அதுவரை அவளை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. பிறகு கணக்கு டீச்சர்கூடத் தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வந்தார். பி.டி. பாடம் படித்துப் பட்டம் வாங்கிய நீங்கள், பேறுகாலத்தில் கால் எப்படி வந்தது என்று விசாரித்து வைத்தியம் பார்த்தீர்கள். கழுத்தில் விசில் வேறு.

வலி வந்ததிலிருந்து நீங்கள் செய்யாதது ஒன்றே ஒன்று. "விளையாடாதே" என்று சொல்லவில்லை. மிதிபட்டு எழுந்த அதே சாயங்காலம் எழும்பி வளைந்து அடிக்க வேண்டும். கப்பு வேண்டும் அல்லவா உங்களுக்கு?

வட்டாரப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. பந்தை நிமிர்ந்து பார்த்தால் கோபுரமும் சேர்ந்து தெரியும் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் என் இரண்டு தொடையிலும் கிரேப் பேண்டேஜைச் சுற்றினீர்கள். கால் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினீர்கள். நன்றாக இருந்த இடத்துக்குக் கட்டு. உடைந்து கொண்டிருந்த இடத்துக்கு, "வளைடி".

கடைசி ஆட்டத்தில் எழும்பி அடித்து இறங்கியபோது கீழே என்னவோ நழுவியது. சத்தம் வரவில்லை. கால் இரண்டும் என்னுடையது இல்லாததுபோல் ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தீர்கள்.

"எந்திரி, எந்திரி. எல்லாரும் பாக்காக."

"ஏலல டீச்சர்."

"சும்மா நில்லு போதும். ஒன் பக்கம் பந்து வராது."

பந்து என் பக்கம்தான் வந்தது. எதிரணிக்காரிகளுக்குக் கண் இல்லையா? நிற்க முடியாமல் நிற்கிறவள் பக்கம் அடிக்காமல் வேறு எங்கே அடிப்பார்கள்? நான் பின்னால் வளைந்து எடுத்தேன். நாம் ஜெயித்தோம். ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னைக் கடைசி நீளச் சீட்டில் படுக்கப் போட்டார்கள். கப்பை வைக்க இடமில்லை என்று என் வயிற்றின்மேல் வைத்து, "பத்திரமாப் பிடிச்சுக்கோ, நெளிஞ்சிரும்" என்றீர்கள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கப்பை.

மறுநாள் நான் பாயிலிருந்து எழவில்லை. அதற்கடுத்த நாளும் எழவில்லை. அப்பா மில்லில் லீவு சொல்லிவிட்டு, மதுரையில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். அம்மாவும் வந்தாள். பஸ்ஸில் என் காதில், "அங்கயும் கால்னுதான் சொல்லணும், கேட்டியா?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "எங்கம்மா வலிக்குது?"

அம்மாவைப் பார்த்தேன். "கால்" என்றேன்.

ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னார். சொன்னதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. பாதி வளைவதற்குள் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் வந்து, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்க்கும்படி கத்தினேன்.

"இதுக்குப் பேரு காலா?" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள்.

என்னை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இதுல ஒரு நாய் தெரியுதா பாருங்க" என்றார்.

"நாயா?" என்றாள் அம்மா.

"இந்த எலும்பைச் சாய்ச்சு எடுத்தா நாய் மாதிரித் தெரியும். இது மூஞ்சி, இது காது, இது முன்னங்கால். கழுத்து சுத்தமா இருந்தா எலும்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். இங்க பாருங்க, கழுத்துல பட்டை கட்டின மாதிரி ஒரு கோடு. அதுதான் வெடிப்பு."

அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "எங்க ஊரு நாயி கால் நீளமால்ல இருக்கும். இது குட்டையா இருக்கே" என்றாள்.

"எந்த ஊரு?"

"ராஜபாளையம்."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தது இடுப்பில் போய் இடித்தது.

பிறகு அவர் சிரிக்கவில்லை. வளரும் வயதில் திரும்பத் திரும்பப் பின்னால் வளைவதால் வரும் வெடிப்பு இது என்றார். வலி வந்த புதிதிலேயே குதிப்பதை நிறுத்தி ஓய்வாக இருந்தால் பெரும்பாலும் கூடிவிடும் என்றார். "இப்ப ரெண்டு பக்கமும் விட்டு, எலும்பு முன்னால கொஞ்சம் நழுவியிருக்கு." மைதானத்தில் மிதிபட்டதைச் சொன்னேன். "யாரு மிதிக்கச் சொன்னது?"

பெல்ட் போடச் சொன்னார். விளையாட்டு வேண்டாம் என்றார். வலி குறைந்த பிறகு வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம் வரும்படி மெதுவாகப் பயிற்சி செய்ய வேண்டும், தொடைச் சதையை நானேதான் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும், பின்னாலிருந்து ஒருவரும் அமுக்கக் கூடாது என்றார். இவ்வளவுதான் சரியான வைத்தியம். மந்திரம் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் யாராவது என்னை இடுப்பு என்று சொல்ல விட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

ஊருக்கு வந்ததும் அம்மா பெல்ட்டைத் தாவணிக்குள் மறைத்தாள். கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை என்றாள். தெருவே கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தது. தினமும் அதை அரைத்துக் குடித்தேன். மஞ்சள் காமாலைக்கு இருந்த மரியாதைகூட என் இடுப்புக்கு இல்லை.

நீங்கள் என்னைப் பார்க்க வரவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தீர்கள். கப்பை மேசையில் வைத்துக்கொண்டு காலை அசெம்பிளியில் மைக்கில் பேசினீர்கள். "உடம்புல என்ன வந்தாலும் டீச்சர்கிட்ட மறைக்காமச் சொல்லணும். ஒரு பிள்ளை இடுப்பு வலியை மறைச்சு, கால் வலின்னு பொய் சொல்லி, இன்னைக்குப் படுத்த படுக்கையாக் கெடக்கு." பரீட்சை எழுதப் போன அன்று பிள்ளைகள் இதை என்னிடம் ஒப்பித்தார்கள். நான் பாயில் கிடந்தபோது அழுததைவிட அன்று அதிகம் அழுதேன். எலும்பு நழுவியதை டாக்டர் படத்தில் காட்டிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு எந்த ஊரில் எக்ஸ்ரே எடுப்பது?

படிப்பு அதோடு நின்றது. தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். உட்கார்ந்து துணி மடிக்கும் வேலை. வெகுநேரம் உட்கார முடியாது, எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார வேண்டும். "காலுக்கு என்னக்கா?" என்று புதிதாய் வரும் பிள்ளைகள் கேட்பார்கள். கால் இந்த ஜென்மத்தில் என்னை விடாது.

ஒரு நாள் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி நடக்கும்போது விசில் கேட்டது. அந்த விசிலை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனது கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே போனேன்.

ஜமுக்காளம். குப்புறப் படுத்திருக்கும் உயரமான பிள்ளை ஒன்று. அதன் இடுப்பில் கம்பத்தைப் பிடித்தபடி இன்னொரு பிள்ளை. கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தீர்கள். அது ஒன்றுதான் மாற்றம்.

"அடடே, நீயா? கல்யாணம் ஆச்சா?" என்றீர்கள்.

நான் படுத்திருந்த பிள்ளையிடம் குனிந்து கேட்டேன். "எங்க வலிக்கு?"

அது உங்களைப் பார்த்தது. "காலு" என்றது.

"காலு வலிக்கு இவ ஏன் இடுப்புல ஏறி நிக்கா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். உங்களுக்கு முகம் கறுத்தது. "பொம்பளப் பிள்ளைக நிக்கிற எடத்துல அசிங்கமாப் பேசாத. ஒன்ன மாதிரி பொய் சொல்ற பிள்ளை இல்ல இவ."

நான் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தினேன். "ஒரு விரலால தொட்டுக் காட்டு தாயி. வாயால சொல்ல வேண்டாம்."

அது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரலை வைத்தது. பாவாடை நாடாவுக்குக் கொஞ்சம் கீழே. நடு எலும்பை ஒட்டி. எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு விசில் ஊதினீர்கள். "ம், ப்ராக்டீஸ்! ப்ராக்டீஸ்!"

அந்தப் பிள்ளையின் வீட்டை விசாரித்துப் போனேன். அதன் அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னாள், "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. பொட்டப்பிள்ள." மதுரை டாக்டரின் இடத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கம்பக்கத்தில் ஊரை ஒட்டிய திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டு, அந்த மலைக்கோயில் பஸ்ஸை விட்டுவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். எலும்பு இன்னும் நழுவவில்லையாம். ஓய்வு, பெல்ட், பயிற்சி. கூடிவிட்டது.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் பிள்ளை என்னைத் தேடிக் கம்பெனிக்கே வந்தது. "அக்கா, பாருங்க" என்று முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் உள்ளங்கையைப் பதித்துக் காட்டியது. கூட வேலை செய்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயமா? ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்னால் ஒரு முதுகு பிழைத்துவிடுமா? அப்படியானால் என்னுடையதை எதற்காக எடுத்துக்கொண்டீர்கள்?

அதனால் விழாவுக்கு வருகிறேன், டீச்சர். முன் வரிசையில் உட்காருவேன். இடையில் எழுந்து நடப்பேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். இடுப்பு உட்கார விடாது, அதனால் எழுந்திருப்பேன். மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், கப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். கடைசியில் மைக் உங்கள் கைக்கு வரும்.

என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு அழ வேண்டாம். அசெம்பிளியில் என்னைப் பொய்க்காரி என்று சொன்னது மைக்கில். பதிலும் மைக்கில் வர வேண்டும். அன்று சிரித்தவர்கள் எதிரில், இன்று அவர்கள் பெற்ற பிள்ளைகள் எதிரில், அந்த வார்த்தையை உங்கள் வாயால் உச்சரித்துச் சொல்லுங்கள்: "இடுப்பு வலிக்கு" என்று வந்து நின்ற பிள்ளையைக் "கால் வலி" என்று சொல்ல வைத்தது யார்?